கையொப்பமும் கைப்பணமும்

(மீன்சுருட்டியில் நிகழ்ந்த விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மீன்சுருட்டி என்னும் பெயருடைய ஊரில் சமணர் விழாவா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டு நகைத்தார். பாண்டியனின் மீன்கொடியைச் சோழன் சுருட்டிய இடம் இது என்று இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்லும் செவிவழிக் கதையை அவருக்குச் சொன்னேன். கொடியைச் சுருட்டுவதில் உயிர்க்கொலை இல்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

இன்று எனக்கு இட்ட பணி, நம் அறக்கட்டளை தொடங்க எண்ணியிருக்கும் இணையவழி வகுப்பைப் பற்றிப் பேசுவது. திட்டம் உங்களுக்குத் தெரியும். வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, கும்பகோணம் என்று இருந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பெங்களூருவிலும் புனேயிலும் கடல்கடந்த நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிந்தாமணியும் நீலகேசியும் மேருமந்தர புராணமும் நாலடியாரும் வாரந்தோறும் கணினி வழியே கற்பிக்கப்படும். உறுப்பினராகச் சேர்ந்தவர்க்கு வகுப்பு, பதிவு செய்த உரைகள், ஐயம் கேட்க ஒரு நேரம் ஆகியவை கிடைக்கும். இதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. எப்படித் தொடங்குவது என்பதில்தான் மாறுபாடு.

இளைஞர்கள் ஒரு படிவத்தை அனுப்பிப் பெயர்களைத் திரட்டுவோம், பெயர் சேர்ந்தவுடன் ஆசிரியரை அமர்த்துவோம் என்கிறார்கள். பெரியவர்கள் சிலர், அறநூல் கற்பிக்கக் காசு கேட்பதா என்று முகஞ்சுளிக்கிறார்கள். இவ்விரு கருத்துக்கும் இடையே மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். வகுப்பு தொடங்குவதற்கு முன்னரே, சேர விரும்புவோரிடம் சிறுதொகை ஒன்றைப் பெற்றுக்கொண்டு பட்டியல் எழுதுவோம். அந்தத் தொகையை எப்படிக் காப்பது என்பதையும் அன்றே எழுதிவைப்போம். இரண்டாவது வேலைதான் கடினமானது.

இது புதுமையன்று. நம் காப்பியம் ஒன்றே இவ்வழியில்தான் அச்சேறியது.

உத்தமதானபுரம் சாமிநாதையரைத் தஞ்சைத் தரணியின் சொத்தாகவே பலரும் எண்ணுகிறார்கள். அவருடைய இளமையின் ஒரு பகுதி நம் அரியலூரிலும் குன்னத்திலும் கழிந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரும், கார்குடி கஸ்தூரி ஐயங்காரும், பெரம்பலூரை அடுத்த செங்கணம் விருத்தாசல ரெட்டியாரும் அவருக்குத் தமிழ் சொன்னவர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போகுமுன் அவர் கற்ற தமிழ் இந்தச் செம்மண்ணில் கற்ற தமிழ். 1880-இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். அதே ஆண்டில் அரியலூரிலிருந்து சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீபாக மாற்றம் பெற்றுக் கும்பகோணம் வந்தார். அக்டோபர் 21-ஆம் நாள் இருவரும் சந்தித்தனர். தாம் படித்த அந்தாதிகளையும் உலாக்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிச் சொன்னார். முன்சீபோ அவற்றில் மனம் ஈடுபடாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். தமிழ் ஏட்டு வரலாறு அந்தக் கேள்வியில் திரும்பியது. அக்கேள்வியைக் கேட்டவர் அரியலூரிலிருந்து போனவர் என்பதை இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் யாரும் சொல்வதில்லை. எனக்கு அது நெடுநாள் குறை.

கல்லூரி ஆசிரியர் அறியாத அந்த நூலைக் கும்பகோணத்துச் சமணர் வீடுகள் அறிந்திருந்தன. சந்திரநாத செட்டியாரும், வீடூர் அப்பாசாமி நயினாரும் அதை முறையாகப் படித்துப் பொருள் கேட்டு வந்தவர்கள். நச்சினார்க்கினியர் உரையில் விளங்காத சமணக் கலைச்சொற்களுக்கு ஐயர் அவர்களையே நாடினார். இதில் நான் காண்பது ஒன்று. நூலுக்கு வாசகர்கள் முன்பே இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஒரு தெருவிலும் ஒரு திண்ணையிலுமாகச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களைக் கண்டறிவதே பதிப்பாளரின் முதல் வேலையாயிற்று.

ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டு, பொருள் தெளிந்த பின்னும் அச்சுக்கூலிக்கும் தாளுக்கும் பணம் வேண்டுமே! கல்லூரிச் சம்பளத்தில் அது முடியாது. அக்காலப் பதிப்பாளர் கையாண்ட வழி, கையொப்பம் வாங்குவது. இன்ன நூல் அச்சாகப் போகிறது, வெளிவந்தால் இத்தனை படிகள் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திடுவார். ஐயரும் அவ்வாறே அன்பர்களிடம் கையொப்பம் பெற்றார். முதலியார் அவருக்குப் பெருந்துணையாக நின்றார். 1868-இல் போவர் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டிருந்தார். முழு நூலும் உரையோடு 1887-இல் வெளிவந்தது. அதன்பின் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. ஒரு நூலைச் சொன்னபடி கொடுத்தவரை நம்பி அடுத்த நூலுக்குக் கையெழுத்திடுவதில் யாருக்கு என்ன தயக்கம் இருக்கும்?

ஆனால் கையொப்பம் வேறு, கைப்பணம் வேறு. கையெழுத்திட்டவர் எல்லாரும் நூல் வந்த நாளில் பணப்பையை அவிழ்ப்பார்கள் என்பதற்கு எந்தக் காலத்திலும் உறுதியில்லை. இன்று நம் வாட்ஸாப் குழுவில் வகுப்பு வேண்டுமா என்று கேட்டால் கட்டைவிரல் படங்கள் வந்து குவியும். கட்டைவிரல் உயர்த்துவதற்குச் செலவில்லை. ஐந்நூறு ரூபாய் கட்டுங்கள் என்று கேட்ட பிறகு நிற்பவர் எத்தனை பேரோ, அத்தனை பேருக்குத்தான் வகுப்பு. அந்த எண்ணிக்கை முப்பதானால் ஓர் ஆசிரியர் போதும். முந்நூறானால் வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும், அமெரிக்காவில் இருப்பவர்க்கு வேறு நேரம் வைக்க வேண்டும். ஐந்தே பேரானால், திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஐவரை யாராவது ஓர் ஆசிரியரின் வீட்டுத் திண்ணையோடு தொலைபேசியில் இணைத்துவிடலாம். எதுவானாலும் கருவிகளுக்குச் செலவிடுமுன் தெரிந்துவிடும்.

வாசகரை முன்னே கேட்காமல் திட்டமிட்டால் என்னவாகும் என்பதற்கு, சொல்லவே மனம் வருந்தும் ஒரு சான்று உண்டு. 1920-இல் கடையத்தில் இருந்த பாரதியார், தம் எழுத்துகளை எல்லாம் நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் வெளியிடத் திட்டமிட்டார். அதற்கு முதல் வேண்டி அன்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர் கேட்டது கடன். வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொன்னார். திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரே மறைந்தார். நாற்பது நூலுக்கு ஒருசேர முதல் தேடாமல், ஒரே நூலுக்கு வாசகரிடம் முன்பணம் கேட்டிருந்தால் ஏதேனும் நடந்திருக்குமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. கடன் கொடுப்பவன் வட்டியை எண்ணுவான், முன்பணம் கொடுப்பவன் நூலை எண்ணுவான். அவருடைய வாசகர்கள் ஏழைகளாகவும் இருந்தார்கள் என்பதால் என் எண்ணம் பொய்யாகவும் கூடும்.

முன்பணத்திற்கு மறுபக்கமும் உண்டு. ஆங்கில அகராதி செய்து புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன், 1756-இல் சேக்சுபியர் நாடகங்களைப் பதிப்பிப்பதாக அறிவித்து முன்பணம் வாங்கத் தொடங்கினார். மறு ஆண்டின் இறுதிக்குள் தருவதாகச் சொன்னார். நூல் வந்தது 1765-இல். இடையில் ஒரு கவிஞர், காசு வாங்கிக்கொண்டார், புத்தகத்தைக் காணோமே என்னும் பொருளில் அவரை எள்ளிப் பாடினார். நூல் வந்தபோது முன்பணம் கட்டியவர்களின் பெயர்ப்பட்டியலை ஏன் அச்சிடவில்லை என்று கேட்டார்கள். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: பெயர்களைத் தொலைத்துவிட்டேன், பணத்தைச் செலவழித்துவிட்டேன். அவர் ஜான்சன், அதனால் உலகம் சிரித்து மன்னித்தது. நம் பொருளாளர் எழுந்து இவ்வாறு சொன்னால் நீங்கள் சிரிப்பீர்களா?

(பொருளாளர் சிரிக்கிறார், பார்த்தேன்.)

நானும் ஒருமுறை காத்திருந்தேன். பணியில் இருந்த காலத்தில் ஒரு பதிப்பகம் பெரிய தொகுப்பு ஒன்றுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்கள் பலர் பணம் அனுப்பினோம். முதல் தொகுதி வந்தது. இரண்டாவது தாமதமாக வந்தது. மூன்றாவதைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு விடையே வரவில்லை. தொகுதி வராததைவிட விடை வராததுதான் எங்களுக்கு வலித்தது. பட்டாசுச் சீட்டிலும் நகைச்சீட்டிலும் ஏமாந்த வீடுகள் இங்கும் இருக்கும். அவர்களைக் கேட்டால் முதலில் தொலைபேசி எடுக்கப்படாமல் போனது, பிறகுதான் கடை பூட்டப்பட்டது என்பார்கள்.

இங்கே நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்த ஓரிடத்தைக் காட்ட விரும்புகிறேன். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களை அனைவரும் அறிவீர்கள். ஒவ்வொரு விரதத்திற்கும் அதைப் பழுதாக்கும் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் காட்டுகிறது. அவற்றுள் ஒன்று நியாசாபகாரம். அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல் என்பது சொற்பொருள். பூச்சியபாதர் இதற்குச் சொல்லும் விளக்கம் வியப்புக்குரியது. ஒருவன் ஒரு தொகையைப் பிறனிடம் வைக்கிறான். நாள் கடந்து, எவ்வளவு வைத்தோம் என்பதை மறந்து, குறைத்துக் கேட்கிறான். வாங்கி வைத்தவன், ஆம், அவ்வளவுதான் என்று சொல்லிக் கொடுக்கிறான். கேட்டதைக் கொடுத்துவிட்டான், பூட்டை உடைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஆயினும் அது குற்றம்.

அக்குற்றம் எந்த விரதத்தின்கீழ் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். கள்ளாமையின்கீழ் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அது வாய்மையின்கீழ் இருக்கிறது. பொய்யுபதேசம், மறைவில் நிகழ்ந்ததை வெளியிடல், பொய்ப்பத்திரம் எழுதல், குறிப்பால் உணர்ந்த பிறர் எண்ணத்தைப் புறங்கூறல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது. பணத்தைக் கையாள்வதற்கு முன்னரே, ஆம் என்ற அந்தச் சொல்லிலேயே பிழை நேர்ந்துவிட்டது என்பது கருத்து.

முன்பதிவுத் தொகைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நூறு பேர் ஐந்நூறு ரூபாய் கட்டுகிறார்கள். வகுப்பு நடவாமற் போகிறது. எழுபது பேர் திருப்பிக் கேட்கிறார்கள், அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். முப்பது பேர் மறந்துவிடுகிறார்கள். சிலர், நாலு பேர் அறிந்த அறக்கட்டளையிடம் ஐந்நூறு ரூபாயைக் கேட்பதா என்று கூச்சப்படுகிறார்கள். அப்பணம் நம் கணக்கில் தங்கிவிடுகிறது. ஆண்டு இறுதியில் நன்கொடை என்னும் தலைப்பில் ஏறிவிடுகிறது. யாரும் திருடவில்லை. பூச்சியபாதர் இதை என்னவென்று பெயரிட்டிருப்பார் என்பதை உங்கள் எண்ணத்திற்கே விடுகிறேன்.

ஆகையால் நம் பெரியவர்களின் தயக்கத்திற்கும் இங்கேயே விடை சொல்லலாம். தானம் வேறு, முன்பணம் வேறு. உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்துள் சாத்திரதானம் நமக்குப் பெரிது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை, பொன்னகவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினாள். அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம் படிகள்! அவள் யாரிடமும் கையொப்பம் கேட்கவில்லை. பெற்றவரும் அவளுக்கு எதுவும் கடன்படவில்லை. நம்மில் ஓர் அத்திமப்பை இருந்தால் இன்றே எழுந்து சொல்லட்டும், முன்பதிவு என்ற பேச்சையே விட்டுவிடுகிறேன். இல்லாதபோது, கற்பவரிடம் பெறும் தொகையை முன்பணம் என்றே அழைப்போம். அதை நன்கொடை என்று எழுதிப் பற்றுச்சீட்டு கொடுத்தால், திருப்பித் தரும் கடமை அந்த ஒரு சொல்லிலேயே மறைந்துவிடும்.

கொடுத்தவர் மனம் நிறையக் கொள்வோர் கடமையை எழுதிவைத்தது எப்படி என்று காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து பேருந்து ஏறினால் சில நிமிடங்களில் கங்கைகொண்டசோழபுரம். சோழர்காலக் கோயில்களில் நந்தாவிளக்குக்கு ஆடு விட்ட கல்வெட்டுகள் ஏராளம். ஒருவர் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கொடுப்பார். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும், குட்டி போடும். அதெல்லாம் பெற்றவர் பொறுப்பு. விளக்கின் கணக்கில் ஆடு சாவதுமில்லை, மூப்பதுமில்லை. சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டினார்கள். கொடுத்தவர் பெயரோடு ஆட்டின் எண்ணிக்கையும் நெய்யின் அளவும் வெட்டப்பட்டன. முன்னே ஒரு தொகை, பின்னே நாள்தோறும் ஒரு பயன் என்பதுதானே நாம் இன்று உறுப்பினர் திட்டம் என்று சொல்வது?

இக்காலத்துக்கும் வருவோம். 2021 ஜூலையில், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஆலை அமைத்த ஓலா நிறுவனம் மின்சார ஸ்கூட்டருக்கு 499 ரூபாய் முன்பதிவு அறிவித்தது. ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் பதிவு செய்தார்கள் என்று நிறுவனம் சொன்னது. தொகை சிறிது, வேண்டாமென்றால் திரும்பும். அதனால் கூட்டம் சேர்ந்தது. அக்டோபரில் வரும் என்ற வண்டி டிசம்பர் நடுவில்தான் வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கியது. அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் முறையில் வேறொரு நல்ல கட்டுப்பாடு உண்டு. குறித்த நாளுக்குள் குறித்த இலக்கு சேராவிட்டால் யாரிடமிருந்தும் பணம் பிடிக்கப்படாது. இந்த இரண்டிலிருந்தும் தலா ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். தொகை சிறிதாகவும் திரும்பக்கூடியதாகவும் இருக்கட்டும். ஒரு நாளும் ஓர் எண்ணிக்கையும் முன்கூட்டியே குறிக்கப்படட்டும்.

என் முன்மொழிவு இது. முன்பதிவுத் தொகை ஐந்நூறு ரூபாய். அது முதல் மூன்று மாதக் கட்டணத்தில் கழிக்கப்படும். நாற்பது பேர் சேராவிட்டால் கடைசி நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள், கேட்டாலும் கேளாவிட்டாலும், வந்த வழியிலேயே முழுத்தொகையும் திரும்பும். வங்கி பிடிக்கும் தொகை இருந்தால் அது அறக்கட்டளையின் செலவு. திருவிழாக் கணக்கோடும் கோயில் திருப்பணிக் கணக்கோடும் கலவாத தனிக் கணக்கு வேண்டும். முதல் வகுப்பு நடக்கும் வரை அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கலாகாது. இதைக் கேட்டு, அப்படியானால் முன்பணம் வாங்கி என்ன பயன், கருவி வாங்கக்கூட உதவாதே என்று செயலாளர் என்னிடம் வாதிட்டார். எண்ணிக்கை தெரிவதே பயன். கருவிக்கு வேண்டிய பணத்தை நன்கொடையாகக் கேட்போம், அதை நன்கொடை என்றே எழுதுவோம். இதில் அவரும் நானும் இன்னும் உடன்படவில்லை.

ஆயுள் உறுப்பினர் என்ற திட்டம் இப்போதைக்கு வேண்டாம். ஆயுள் சந்தா வாங்கிய இதழ்கள் எத்தனையோ. யாருடைய ஆயுள் என்று அவை தெளிவாகச் சொல்லவில்லை. பெரும்பாலும் இதழின் ஆயுளே முந்திக்கொண்டது. மூன்று மூன்று மாதமாக வாங்குவோம். நடத்திக் காட்டிய பின் ஓராண்டுக்குக் கேட்போம்.

பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு தாயார் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. முன்பணம் விருப்பத்தை அளக்கும் என்றேன், ஆனால் வறுமையையும் சேர்த்து அளந்துவிடும். ஐந்நூறு ரூபாய் ஒருவர்க்குக் காப்பிச் செலவு, இன்னொருவர்க்கு ஒரு நாள் கூலி. அத்தகையோர்க்குச் சாத்திரதான நிதியிலிருந்து அதே தொகை, அதே கணக்கில், அவர்கள் பெயரிலேயே கட்டப்படட்டும். பட்டியலில் எல்லாப் பெயரும் ஒரே வரிசையில் இருக்கட்டும். யார் தாமே கட்டினார், யாருக்காக நிதி கட்டியது என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

தாமதம் நேர்ந்தால் என்ன செய்வது என்பது கடைசி. ஆசிரியர் நோயுறலாம், மழைக்காலத்தில் மின்சாரம் போகலாம். மாதத்தின் முதல் ஞாயிறு அன்று, செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பட்டியலில் உள்ள அனைவர்க்கும் நான்கு வரிக் கடிதம் போக வேண்டும்: எத்தனை பேர் சேர்ந்துள்ளனர், கணக்கில் எவ்வளவு உள்ளது, எந்நாள் தொடங்கும், விலக விரும்புவோர் யாரிடம் சொல்ல வேண்டும். அக்கடிதத்தை எழுதும் வேலையைத் தமிழாசிரியரான எனக்கே கொடுங்கள் என்று குழுவைக் கேட்டிருக்கிறேன்.

பற்றுச்சீட்டின் வாசகத்தையும் எழுதி வந்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் இந்தத் தாளைப் படித்துப் பின்வரிசைக்கு அனுப்புங்கள். சொல்லை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் ஓரத்தில் எழுதுங்கள். மதிய உணவுக்குப் பின் குழு அதை எடுத்துக்கொள்ளும்.